குன்று என்றே சொன்னோம்

நவம்பர் 4, செவ்வாய்

அது புற்று என்று இன்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஓவியத்தில் இருந்ததைப் பற்றி எழுதுகிறேன். மற்றதையும் சொல்லவில்லைதான். ஆனால் அது சொல்லக்கூடாது என்று முன்பே முடிவானது. ஓவியத்தை நானாக மறைத்தேன்.

முதல் ஊசி நாள். காலையில் ரத்தம் எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட் வர நேரமாகும், எங்காவது உட்கார்ந்திருங்கள் என்றார்கள். காத்திருக்கும் கூடத்தில் நாலு சுவரிலும் நோயின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்ட சுவரொட்டிகள். அம்மாவை அங்கே உட்காரவைக்க முடியாது. சாலைக்கு எதிர்ப்புறம், மில்காரர் குடும்பம் ஒன்று நடத்தும் கலை அருங்காட்சியகம் இருந்தது.

"படம் பார்க்கறதா? நானா?" என்றாள் அம்மா. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை அவள். கோகோவும் விசிலும்தான் வாழ்க்கை. "ஏசி இருக்குதா?"

"இருக்குது."

"அப்பப் பார்க்கலாம் வா."

மாடியில், கடைசி அறையில், கனவில் வருவது போன்ற சர்ரியலிசப் பாணி ஓவியங்கள். மற்றவற்றை அம்மா நடைப்பயிற்சி போவது போலக் கடந்துவிட்டாள். பெரிய ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றாள். ஒரு சாதாரண வீட்டின் வரவேற்பறை. சிவப்புத் தரை, துணி போட்டு மூடிய டிவி, சுவரோரம் சோபா, சாத்திய சன்னல். அறையின் நடுவே தரையைப் பிளந்துகொண்டு ஒரு புற்று, கூரையை முட்டும் உயரத்துக்கு. அதன் கண்களில் ஒன்றுக்குள் மட்டும் மஞ்சள் வெளிச்சம். பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் பாதங்களிலிருந்து வேர்கள் தரைக்குள் இறங்குகின்றன. எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. அதில் இதே அறை தெரிகிறது. புற்றும் இல்லை, பெண்ணும் இல்லை.

"இதென்ன கண்ணு, ஊட்டுக்குள்ளார?"

அந்தச் சொல்லைத்தான் ஒரு மாதமாக வீட்டில் யாரும் உச்சரிக்காமல் காத்துவருகிறோம். பக்கத்தில் விவரப் பலகை. ஆங்கிலத்தில் இருந்ததை யாரோ அகராதி பார்த்துத் தமிழாக்கியிருந்தார்கள்: "பெயரிடப்படாதது. அறையும் குன்றும்." அந்த மொழிபெயர்ப்பாளருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"குன்றும்மா. போட்டிருக்குது பாரு."

அம்மா பலகையைப் படித்தாள். ஓவியத்தைப் பார்த்தாள். மறுபடி பலகை. "குன்றுல எதுக்கு இத்தனை ஓட்டை?"

"கற்பனைதானே."

"அது சரி," என்றாள். "குன்றுதான் போல."

பல்லடம் பக்கத்துக் காட்டில் பிறந்து வளர்ந்தவள். எப்படியோ நம்பிவிட்டாள்.


நவம்பர் 5

இரண்டு முறை வாந்தி. ரசம் மட்டும் தங்கியது. கல்லூரி நூலகத்துக்கு அரைநாள் லீவு சொன்னேன்.


நவம்பர் 23, ஞாயிறு

அம்மா தூங்குகிறாள். நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கத் தோன்றுகிறது.

அக்டோபரில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த அன்று, டாக்டர் என்னையும் குழந்தைவேல் மாமாவையும் தனியே அழைத்துச் சொன்னார். அம்மாவுக்கு ஒரே தம்பி அவர். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவர் இல்லாமல் எடுக்கப்பட்டதில்லை. வெளியே வந்ததும், "அக்காவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே பாதி உயிரு போயிரும். அல்சர்னு சொல்லிக்கலாம். கொஞ்சம் ஆழமான புண்ணு, ஆறறதுக்கு ஊசி, அவ்வளவுதான்" என்றார். நான் பேசாமல் நின்றேன். என் பேசாமை அவருக்குப் போதவில்லை. மயக்க மருந்தில் படுத்திருந்த அம்மாவின் கட்டிலருகே கூட்டிப்போய், என் கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தார். "சொல்ல மாட்டேன்னு சொல்லு கண்ணு."

சொன்னேன்.

சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மீறினால் யார் தலைமேல் அடித்தோமோ அவர்களுக்கு ஆகாது என்பதைக் கதைகளில் படித்துச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் அன்றிலிருந்து அம்மாவுக்கு எதிரில் உட்காரும்போதெல்லாம் உள்ளங்கையில் அவள் முடியின் சொரசொரப்பு தெரிகிறது.

இன்று மாமா ஆப்பிளோடு வந்தார்.

"எப்படீங்கக்கா இருக்குது?"

"எனக்கென்னடா, அல்சருக்கு ராஜ வைத்தியம் நடக்குது. முடிதான் கொட்டுது."

"மாத்திரைச் சூடுங்கக்கா. மோர் குடிச்சா நின்னுரும்."

"நீ நிறையக் குடிச்சிருக்கலாமில்லடா," என்று அவர் வழுக்கையைப் பார்த்தாள். மாமா சத்தமாகச் சிரித்தார். பிறகு மோட்டார் போடுவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை.

நூலகத்தில் கனவு ஓவியங்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அர்த்தம் என்று தேடக்கூடாது, பொருள்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று நிற்கும் விதத்தைப் பார்க்கவேண்டும் என்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த ஓவியத்தின் மையம் கண்ணாடிதான். அறையில் அத்தனை பெரியதாக இருப்பது கண்ணாடியில் இல்லை. பார்க்க மறுக்கும் வீடு அது. கண்ணாடி என்பது நாங்கள்; நானும் மாமாவும். இதைக் கண்டுபிடித்தபோது ஒரு நொடி பெருமையாக இருந்தது. பிறகு அந்தப் பெருமைக்காக வெட்கப்பட்டேன்.


நவம்பர் 25, செவ்வாய்

இரண்டாவது ஊசி. ஆஸ்பத்திரியின் பக்கவாட்டு வாசல் வழியாகத்தான் அம்மாவைக் கூட்டிப்போகிறேன். முன்வாசலில் பெயர்ப்பலகை மிகப் பெரியது. "இந்த வாசல் நல்லா இருக்குது, கூட்டமே இல்ல," என்றாள். எந்த ஊருக்குப் போனாலும் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவது அவள் பழக்கம். இன்றும் படித்துக்கொண்டே வந்தாள். பல் மருத்துவம், எலும்பு முறிவு, மருந்தகம், கழிவறை. நாங்கள் திரும்பவேண்டிய மூலையில் இருந்த பலகையை மட்டும் படிக்கவில்லை. நல்லவேளை, அவள் கண்ணில் படவில்லை.

ரத்தம் கொடுத்ததும் அவளே கேட்டாள்: "குன்றைப் பார்த்துட்டு வந்துரலாமா?"

இன்று அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ எதுக்கு மூஞ்சியக் காட்டாம உட்கார்ந்திருக்கா?"

முகம் இல்லாததால் அது யாராகவும் இருக்கலாம், பார்ப்பவர் தன் முகத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கினேன். வேர் என்பது பழக்கம், குடும்பம், பிறந்த மண். இப்படிக் கொஞ்ச நேரம் பேசினேன்.

"லைப்ரரில உட்கார்ந்து உட்கார்ந்து நீயும் நல்லாத்தான் பேசறே," என்றாள். "எனக்கு அப்படித் தெரியல. சுத்தி நின்னு யாரோ பேசறாங்க, அது இவ காதுல உழுவுது. திரும்பினா அவங்க பேச்சை நிறுத்திருவாங்க. அதான் திரும்பாம இருக்கா."

அப்படியும் பார்க்கலாம், புத்தகத்தில் இது இல்லை என்று சொன்னேன். "எழுதிப் போடு," என்று என் தோளில் தட்டினாள்.


டிசம்பர் 3

கார்த்திகை தீபம். அகல் வரிசையை நான்தான் வைத்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மைதானத்தில் சொல்வதுபோல உத்தரவு போட்டாள். "அந்தக் கடைசி விளக்கு கோட்டை விட்டு வெளிய நிக்குது, அவளை உள்ள தள்ளு."

பிறகு வெல்லப் பலகாரமான கச்சாயம் சுடச் சொல்லிக் கொடுத்தாள். பாகு பதம் தவறி முதல் ஈடு கருகியது. "இன்னொரு தடவை. வர்ற வரைக்கும் விடக்கூடாது." இத்தனை வருடம் என்னை அடுப்பருகே விடாதவள். திடீரென்று என்ன ஆசையோ.

சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து புது விளையாட்டு டீச்சர் வந்தாள். அம்மா தன் விசிலை அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். "நான் ஜூன்ல வரும்போது திருப்பித் தந்துரணும்," என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள், பிறகு வாசலில் செருப்பு மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.


டிசம்பர் 16, செவ்வாய்

மூன்றாவது ஊசி. அருங்காட்சியகத்தில் இன்று கிட்டத்தட்ட எல்லாம் கெட்டிருக்கும்.

நாங்கள் ஓவியத்தின் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காங்கேயம் பக்கமிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. அந்த அம்மாள் ஓவியத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "அட, புத்துக்கண்ணு! ஊட்டுக்குள்ள வந்திருக்குது பாருங்களேன்," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எழுந்து போகலாம் என்று அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அம்மா எழவில்லை. "அது குன்றுங்க," என்றாள் அவரைப் பார்த்து, வகுப்பில் சொல்வது போல நிதானமாக. "போட்டிருக்குது பாருங்க."

"குன்றுங்களா? பார்த்தா அப்படித் தெரியலீங்களே."

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சுங்க. பார்க்கப் பார்க்கப் பழகீருச்சு."

அவர் பலகையைப் படித்துவிட்டு, அரைமனதாக நகர்ந்தார். அச்சில் இருப்பதை அம்மா எவ்வளவு எளிதாக நம்புகிறாள்! டீச்சர்களுக்கே உரிய குணம். திரும்பி வரும் வழியெல்லாம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். சாலை கடக்கும் பயமாக இருக்கும்.


ஜனவரி 8, வியாழன்

ஸ்கேன் முடிவு வந்தது. அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, என்னையும் மாமாவையும் மட்டும் கூப்பிட்டார் டாக்டர்.

ஊசி வேலை செய்யவில்லை. ஈரலுக்கும் போயிருக்கிறது. சென்னையில் வேறொரு மருந்து கொடுத்துப் பார்க்கலாம். கடுமையானது, ஆஸ்பத்திரியிலேயே தங்கவேண்டும், கொஞ்ச காலம் நீளலாம், நீளாமலும் போகலாம். அல்லது வீட்டுக்குக் கூட்டிப்போய் வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். "உங்க முடிவுதான்," என்றார்.

உங்கள் என்றால் யார்?

"சென்னைங்க டாக்டர்," என்றார் மாமா. படியிறங்கும்போது, "புண்ணு ஆறறதுக்குப் புது மருந்துன்னு சொல்லிக்கலாம்," என்றார்.

"அம்மாவைக் கேட்கலாம் மாமா. மிச்சமிருக்கறது அவளோட நாளு. அதை எங்க கழிக்கறதுன்னு அவளுக்குத் தெரியாமயே நாம எப்படி முடிவு பண்றது?"

"சத்தியம் பண்ணியிருக்கே."

"அதெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா தலைமேல பண்ணியிருக்கே வாணி." இவ்வளவு பெரிய மனிதர், ஆஸ்பத்திரிப் படியில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் அம்மா யாருடைய குழந்தைக்கோ கை தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். பொங்கல் முடிந்ததும் சென்னை என்றோம். "அப்படியா, சரி," என்றாள்.


ஜனவரி 10

இன்று அவளிடம் கேட்டுவிடலாம் என்று மூன்று வேளையும் நினைத்தேன். மூன்று வேளையும் சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன்.


ஜனவரி 13, செவ்வாய்

சென்னைக்குப் போவதற்கு முன்னால் குன்றை ஒருதரம் பார்க்கவேண்டும் என்றாள். ஆட்டோவில் போனோம். மாடிப்படி ஏற நின்று நின்றுதான் முடிந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும், கண்ணாடியைக் காட்டினாள்.

"இந்தக் கண்ணாடிக்கு உன்ற புஸ்தகம் என்ன சொல்லுது?"

"கண்ணாடியில குன்று இல்ல பாரும்மா. அத்தனை பெருசா நடு ஊட்டுல நிக்குது, அந்த ஊட்டுக்காரங்களுக்கு அது தெரியல. இல்லாட்டித் தெரிஞ்சும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அவ ஒருத்தி பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா, அவளையும் சேர்த்துக் காணோம்னு..." பாதியில் நிறுத்திவிட்டேன். யாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அம்மா தலையசைத்தாள். "இல்ல கண்ணு. இது அப்புறம்."

"என்ன அப்புறம்?"

"அந்தம்மா போனதுக்கு அப்புறம். நாற்காலி காலியா இருக்குது. தரையைத் தொடைச்சிருக்காங்க. இங்க சன்னல் சாத்தியிருக்குது, கண்ணாடியில தொறந்திருக்குது பாரு. அவ போனதும் அந்தப் புத்தும் போயிருச்சு. அவளோட வந்ததுதானே, அவளோட போயிரும்."

நான் ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அவள் நிறுத்திவிடுவாள் என்று பயமாக இருந்தது.

"புத்துன்னு சொன்னே," என்றேன்.

"ஆமா. எனக்கு வந்திருக்கறதும் அதுதானே? நீ குன்றுன்னே. உனக்கு அப்படிச் சொன்னாத்தான் ஆவும்னா நானும் அப்படியே சொல்லீட்டுப் போறேன்னு இருந்தேன். இனி சென்னைக்குப் போயி அங்கயும் குன்றுன்னு சொல்லீட்டுக் கெடக்க எனக்குத் தெம்பு இல்ல சாமி."

"எப்பத் தெரியும்?"

"உன்ற மாமன் உன்ற கையை எடுத்து என்ற தலையில வச்சான் பாரு, அப்ப நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன். கண்ணைத்தான் தொறக்க முடியல. கை ஜில்லுன்னு இருந்துச்சு. என்ன எழவைச் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு அப்பத் தெரியல. மொதல் ஊசியன்னிக்கே ரத்தம் எடுக்கற புள்ளை சொல்லீருச்சு. என்ற பழைய ஸ்டூடண்டு. 'கேன்சர் வார்டுக்கு நீங்க எதுக்கு டீச்சர் வந்தீங்க'ன்னு ஊசியை வச்சுட்டு ஒரே அழுகை. நாந்தான் சமாதானம் பண்ணி ரத்தம் எடுக்க வச்சேன்."

"ஏம்மா எங்ககிட்டக் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிருவே. சொல்லீட்டு, நான் செத்ததும் உன்னாலதான்னு உட்கார்ந்துக்குவே. புஸ்தகம் எத்தனை படிச்சாலும் நீ பயந்தாங்கொள்ளி வாணி. இப்ப நாந்தான் சொன்னேன். நீ வாயே தொறக்கல. உன்ற சத்தியம் அப்படியே இருக்குது." பிறகு தலைத்துண்டை அவிழ்த்துத் தலையைத் தடவிக்கொண்டாள். "முடியே போயிருச்சு. இதுமேல இனி என்ன சத்தியம்?"

நான் அழுத அழுகைக்குக் காவலாளி ஓடிவந்தார். "என்னாச்சுங்க? தண்ணி வேணுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் அம்மா. "படம் ரொம்ப நல்லா இருக்குது. அதான்."


ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல் முடியட்டும் என்று காத்திருந்து, இன்று அம்மா முன்வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். பெரிய பலகையை நின்று சத்தமாகப் படித்தாள். மாமா என்னைப் பார்த்தார்.

டாக்டர் அறையில் அவளே முதலில் உட்கார்ந்தாள். "எனக்கு என்னன்னு என்கிட்டச் சொல்லுங்க டாக்டர். நோவு எனக்குத்தான் வந்திருக்குது."

டாக்டர் மாமாவைப் பார்த்தார்.

"அவனைப் பார்க்காதீங்க. சின்னதுல இருந்தே நான் சொல்லிக் குடுத்துத்தான் அவன் பாஸ் பண்ணினான்."

டாக்டர் சொன்னார். கூட்டாமல் குறைக்காமல், எங்களிடம் சொன்னதைவிட மெதுவாக. அம்மா இரண்டு கேள்வி கேட்டாள். சென்னை மருந்து போட்டுக்கொண்டால் எழுந்து நடமாட முடியுமா? பெரும்பாலும் முடியாது. போடாவிட்டால் வலி எப்படி இருக்கும்? அதற்கு மருந்து இருக்கிறது.

"அப்ப ஊட்டுக்குப் போறேனுங்க."

வெளியே வந்ததும் மாமா என்னிடம், "நீ சொன்னியா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "அவ சொல்லல. பேச்சு மாறாத புள்ளையா வளர்த்துட்டேன், அதான் இத்தனை நாளு லேட்டு," என்றாள். மாமா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எப்படீங்கக்கா நான் உங்களை விடுவேன்?" என்றார். அம்மா அவர் வழுக்கைத் தலைமேல் கை வைத்தாள். போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.


பிப்ரவரி 6

வலி மாத்திரையில் மலச்சிக்கல். வாழைத்தண்டு. மாமா தினமும் வருகிறார். இருவரும் தங்கள் அப்பாவைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், யாரை அவருக்கு அதிகம் பிடிக்கும் என்று.


பிப்ரவரி 17

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா சுவரைப் பார்த்தபடி, "பயமா இருக்குது கண்ணு," என்றாள்.

இதையே நவம்பரில் சொல்லியிருந்தால், அல்சர்தானே, எதற்குப் பயம், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருப்பேன். அவளும் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். இருவரும் தனித்தனியாகப் பயந்திருப்போம். இன்று, "எனக்கும்மா," என்றேன். நகர்ந்து இடம் விட்டாள். மடிக்காத துணிக்கு நடுவே பக்கத்தில் படுத்துக்கொண்டேன். எதற்குப் பயம் என்று கேட்டேன். சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஓவியத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் இன்று திருப்பிப் படித்தேன். கண்ணாடியைப் பற்றி நான் எழுதியது தவறில்லை. அவள் சொன்னதும் தவறில்லை. பார்க்க மறுக்கும் வீடும், ஒருத்தி இல்லாமல்போன வீடும் கண்ணாடியில் ஒரே மாதிரிதான் தெரியும். அம்மா வாய் திறந்திராவிட்டால், முதலாவதில் இருந்துகொண்டே நாங்கள் இரண்டாவதற்குள் போயிருப்போம்.


மார்ச் 2

இன்று அம்மா இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். உப்பு போதவில்லை என்றாள்.


மார்ச் 24

அம்மா ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை இறந்துபோனாள். வீட்டில்தான். மாமா பக்கத்தில் இருந்தார். நான் இளநீர் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்.